கட்டியக்காரன் யார்? சொல்லின் வேரைத் தேடும் வழி

அரசவையில் சிரிக்க வைக்கிறவனுக்கு விகடகவி, விதூஷகன், கோமாளி என்று தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. ஆனால் நீங்கள் சேலத்துப் பக்கம் இருந்து, இப்படி ஒரு சொல்லையாவது வேர்வரை தோண்டிப் பார்க்க ஆசைப்பட்டால், கூத்தில் கேலி பேசிச் சிரிக்க வைக்கும் கட்டியக்காரனில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் அந்த ஆளை நம் ஊர்க் கூத்திலேயே நேரில் பார்க்கலாம்.

முதலில் சொல்லைப் பிரியுங்கள்: கட்டியம், காரன். அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் 'கட்டியம்' தேடுங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி அது, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அரசனுக்கு முன்னால் நின்று அவன் புகழை உரக்கச் சொல்வதுதான் கட்டியம். சாமி புறப்பாட்டில் "பராக்!" என்று குரல் கொடுப்பதும் அதே வேலைதான். இதில் சிரிப்புக்கு இடமே இல்லை. 'ஆட்சி மாற்றத்துக்குக் கட்டியம் கூறும் முடிவு' என்று இன்றைய செய்தித்தாள் எழுதுவதும் இந்த முன்னறிவிப்புப் பொருளில்தான்.

தேடும்போது சீவக சிந்தாமணியின் கட்டியங்காரனும் வந்து நிற்பான், அவனை விட்டுவிடுங்கள். சச்சந்தன் என்ற அரசனைக் கொன்று நாட்டைப் பிடித்த அமைச்சன் அவன். வடமொழிக் கதைகளில் அவன் பெயர் காஷ்டாங்காரன், அதுதான் தமிழில் இப்படித் திரிந்தது. கட்டியத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை.

சரி, புகழ் சொல்கிறவன் எப்படிக் கேலி பேசுகிறவன் ஆனான்? இதற்கு ஒரு ராத்திரி கண்விழிக்கத்தான் வேண்டும். மேட்டூர், எடப்பாடி, ஓமலூர்ப் பக்கத்து ஊர்களில் கோயில் திருவிழா நடக்கும்போது கூத்து உண்டா என்று விசாரியுங்கள் (கட்டியக்காரனைக் கோமாளி என்று சொன்னாலும் அங்கே புரியும்). ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் நேரத்தில் மட்டும் தூங்கிவிடாதீர்கள். வருகிறவர் யார், எந்த நாடு, என்ன விஷயமாக வந்தார் என்று நோண்டி நோண்டிக் கேட்பவன் கட்டியக்காரன்தான். ராஜா செய்யுளில் பெருமை பேசுவார், இவன் அதை நம் ஊர்ப் பேச்சுக்கு இறக்கி, வேண்டுமென்றே தப்பாகப் புரிந்துகொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் சனத்தைச் சிரிக்க வைப்பான். அறிவிக்கும் வேலையும் கிண்டலும் ஒரே வாயிலிருந்து வருவதை அங்கே கண்ணால் பார்த்துவிடலாம், ராஜாவுக்கும் சனத்துக்கும் நடுவில் நிற்க உரிமை உள்ளவனுக்குத்தானே அந்தத் துணிச்சல் வரும்!

விடிந்ததும் கட்டியக்காரன் வேஷம் போட்ட கலைஞரிடமே போய்ப் பேசுங்கள். அவர் வேஷத்தை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், ஊர்ப் பெயரோடு.