வேகமாக வளரும் லிம்ஃபோமா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘நான்காம் நிலை’ என்று மருத்துவர் சொன்னதும், இனி செலவு செய்து பயனில்லை என்று நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போய்விடும் குடும்பங்கள் உண்டு. நிணநீர் மண்டலத்தில் தோன்றும் புற்றுநோயான லிம்ஃபோமாவில் இதைவிடப் பெரிய தவறு இல்லை. நுரையீரல் புற்றுநோயில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருள் வேறு. வேகமாக வளரும் லிம்ஃபோமாக்களில் அதிகம் காணப்படும் டி.எல்.பி.சி.எல். வகை, உடலெங்கும் பரவிய பிறகும் முழுமையாகக் குணமாகக்கூடியது. ரிட்டுக்ஸிமாப், டாக்ஸோரூபிசின் உள்ளிட்ட மருந்துகளின் கூட்டான ஆர்-சாப் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் குணமடைகிறார்கள். நோயின் போக்கைக் கணிக்க 1993 முதல் வழக்கத்தில் உள்ள ஐ.பி.ஐ. மதிப்பெண், வயது, ரத்தத்தில் எல்.டி.ஹெச். என்ற நொதியின் அளவு, நடமாடும் திறன், நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே நோய் பரவியுள்ள இடங்கள், நிலை என்ற ஐந்தையும் சேர்த்துப் பார்க்கிறது. நிலை அந்த ஐந்தில் ஒன்றுதான்.

தாமதம்தான் உண்மையான எதிரி. கழுத்தில் நெறி கட்டினால் முதலில் காசநோயைச் சந்தேகிப்பது நம் நாட்டில் நியாயமே. ஆனால் திசுப் பரிசோதனையில் உறுதி செய்யாமல் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்குவது நியாயமில்லை. மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனை மட்டும் போதாது. முடிந்தவரை கணுவை முழுதாக எடுத்துப் பயாப்ஸி செய்ய வேண்டும். வகை தெரியாமல் மருந்தைத் தீர்மானிக்க முடியாது. வேகமாக வளரும் இன்னொரு வகையான பர்கிட் லிம்ஃபோமாவுக்கு ஆர்-சாப் போதாது, இன்னும் தீவிரமான சிகிச்சை தேவை. வீக்கம் வற்றட்டும் என்று பயாப்ஸிக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுப்பதும் கேடு: கட்டி தற்காலிகமாகச் சுருங்கும், திசுவில் நோயின் அடையாளம் கலைந்துவிடும். அவசர நிலை என்றால் மட்டும் மருத்துவர் அதை முடிவு செய்யட்டும்.

ஆர்-சாப் பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு முறை என 6 சுற்றுகள். பலருக்கு இரண்டு மூன்று சுற்றிலேயே கட்டி கைக்குத் தட்டுப்படாமல் போகும். அத்துடன் நின்றுவிடுபவர்களிடம் நோய் திரும்பி வரும்போது அதை அடக்குவது மிகக் கடினம். சுற்றுகளைக் குறைக்கலாமா என்பது மருத்துவரின் முடிவு.

ரிட்டுக்ஸிமாப் தொடங்கும் முன் ஹெப்படைடிஸ் பி சோதனையை, பழைய தொற்றையும் காட்டும் கோர் எதிர்ப்பொருள் சோதனையும் சேர்த்துக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். உறங்கிக்கிடக்கும் வைரஸை இந்த மருந்து எழுப்பிக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யலாம்; முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரையால் தடுக்கலாம். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசினுக்காக இதய எக்கோவும் அவசியம்.

கீமோவுக்குப் பிந்தைய நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், பாரசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் கிருமித்தொற்று சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். அந்த இரவே மருத்துவமனைக்குப் போங்கள்.

நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். திரும்பினாலும் நோயாளியின் சொந்த ஸ்டெம்செல்லையே திரும்பச் செலுத்தும் தன் ஸ்டெம்செல் மாற்று, அவரது நோய் எதிர்ப்பு அணுக்களை மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் கார்-டி செல் சிகிச்சை போன்ற வழிகள் இருக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. தகுதி உண்டா என்று மருத்துவரிடம் உடனே கேளுங்கள். உடல் தளர்ந்த பிறகு கேட்டால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும்.