வேல்ஸ் கால்பந்து வீரர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரத் பேலை ‘இங்கிலாந்து நட்சத்திரம்’ என்று எழுதிய செய்திகளைத் தமிழில் பலமுறை பார்த்தாயிற்று. ரயன் கிக்ஸையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பிரீமியர் லீக்கில் ஆடுகிறார், ஆங்கிலம் பேசுகிறார், அப்படியானால் இங்கிலாந்துக்காரர்தானே என்று முடிவுகட்டிவிடுவதால் வரும் பிழை இது. கால்பந்தைப் பொறுத்தவரை வேல்ஸ் தனி நாடு. தனிச் சங்கம், தனி அணி, ஃபிஃபாவில் தனி உறுப்பினர். இந்த முதல் படியிலேயே வழுக்கிவிட்டால், அதற்குமேல் எழுதுவதெல்லாம் இங்கிலாந்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

கிக்ஸ் விஷயத்தில் ஒரு கட்டுக்கதையும் உலவுகிறது. இங்கிலாந்துக்கு ஆடியிருக்கலாம், வேல்ஸைத் தேர்ந்தெடுத்து உலகக் கோப்பை வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டார் என்பார்கள். மாணவராக இருந்தபோது இங்கிலாந்துப் பள்ளி அணிக்குக் கேப்டனாக இருந்தார் என்பது உண்மைதான். அந்த அணியில் சேர இங்கிலாந்தில் படித்தால் போதும். ஆனால் கிக்ஸ் பிறந்தது கார்டிஃபில். தாத்தா பாட்டி வழியிலும் அவருக்கு இங்கிலாந்துத் தொடர்பு கிடையாது. பெரியவர்கள் அணிக்கு ஆட அவருக்குத் தகுதியே இல்லை என்னும்போது தேர்ந்தெடுத்தார் என்ற பேச்சுக்கு இடமேது?

இதைவிடப் பெரிய தவறு, வேல்ஸைக் கோப்பைகளைக் கொண்டு அளப்பது. ஆண்கள் அணி உலகக் கோப்பைக்குப் போனது இரண்டே முறை, 1958இலும் 2022இலும். அதனால் கால்பந்து வரலாற்றில் வேல்ஸுக்குப் பெரிய பங்கில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. இன்று நாம் பார்க்கும் ஆட்டத்தின் விதிகளிலும், அதை ஆடுகிறவர்களின் உரிமைகளிலும் வேல்ஸ்காரர்களின் கை பட்டிருக்கிறது. கோப்பைப் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது.

வேல்ஸ் கால்பந்துச் சங்கம் 1876இல் ரெக்ஸம் நகரில் உருவானது. ருவாபன் ஊர் வழக்கறிஞர் லெவெலின் கென்ரிக் முன்னின்று தொடங்கினார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக்கு அடுத்து உலகிலேயே மூன்றாவது பழைய தேசியச் சங்கம் இதுதான். அதே ஆண்டு மார்ச்சில் கிளாஸ்கோ போய் முதல் ஆட்டத்தில் ஸ்காட்லாந்திடம் 4-0 என்று தோற்றார்கள். மறு ஆண்டு ஸ்காட்லாந்தை வரவழைத்து ஆடிய ரெக்ஸம் ரேஸ்கோர்ஸ் மைதானம் இன்றும் இருக்கிறது, சர்வதேச ஆட்டங்களும் அங்கே நடக்கின்றன. வேல்ஸ் என்றால் ரக்பி தேசம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்த வடக்கு வேல்ஸை மறந்துவிடுகிறார்கள். ரக்பி கோலோச்சியது தெற்கில். வடகிழக்கின் சுரங்க ஊர்களில் தொடக்கத்திலிருந்தே கால்பந்துதான்.

ஆட்ட விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் 1886இல் அமைந்தபோது அதை நிறுவிய நால்வரில் வேல்ஸும் ஒன்று. இன்றும் அந்த வாரியத்தில் மொத்தம் எட்டு ஓட்டு. நான்கு ஃபிஃபாவுக்கு, மீதி நான்கில் ஒன்று வேல்ஸுக்கு. ஒரு விதியை மாற்ற ஆறு ஓட்டு வேண்டும். சுமார் 31 லட்சம் பேர் வாழும் நாட்டின் கருத்தையும் கேட்டுத்தான் ஆஃப்சைடு விதியை மாற்ற முடியும்!

விதி என்றதும் லெய் ரிச்மண்ட் ரூஸைச் சொல்லியாக வேண்டும். ரெக்ஸம் அருகே ஹோல்ட் கிராமத்தில் பிறந்த கோல்கீப்பர். அந்தக் காலத்தில் கீப்பர் தன் பாதி மைதானம் முழுக்கக் கையால் பந்தைத் தொடலாம், ஆனால் இரண்டு எட்டுக்கு மேல் பந்தைச் சுமந்து நடக்கக் கூடாது. ரூஸ் பந்தைத் தரையில் தட்டித் தட்டியே நடுக்கோடு வரை போய்விடுவார். 1912இல் விதியைத் திருத்தி, கீப்பரின் கை பெனால்டி பகுதிக்குள் மட்டும்தான் என்று ஆக்கினார்கள். அந்த மாற்றத்தோடு இவர் பெயரைத்தான் இன்றும் சேர்த்துப் பேசுகிறார்கள். 1916இல், முதலாம் உலகப்போரின் சோம் போர்க்களத்தில் இறந்தார், உடல் கிடைக்கவில்லை. அங்குள்ள தியப்வால் போர் நினைவுச் சின்னத்தில் அவர் பெயரை எழுத்துப் பிழையோடு பொறித்ததால், அங்கே கிடப்பது இவர் பெயர்தான் என்பதே பல பத்தாண்டுகள் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

பில்லி மெரிடித் கதையில் நடப்பது வேறு மாதிரியான தவறு. வாயில் பல்குச்சியை மென்றுகொண்டே ஆடிய விங்கர் என்ற துணுக்கோடு நிறுத்திவிடுவார்கள். அவர் யார் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1874இல் சர்க் ஊருக்குப் பக்கத்தில் பிளாக் பார்க்கில் பிறந்தவர். 12 வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி, மட்டக்குதிரைகள் இழுக்கும் வண்டிகளை ஓட்டினார். மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்த புதிதிலும் வாரநாளில் சுரங்கம், சனிக்கிழமை ஆட்டம். 1904 எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் கிளப் போட்டி) இறுதியில் போல்டனை வென்றபோது சிட்டியின் கேப்டன் அவர், ஒரே கோலை அடித்தவரும் அவர். மறு ஆண்டே எதிரணி வீரருக்கு லஞ்சம் கொடுக்க முயன்றார் என்ற குற்றச்சாட்டில் தடை விழுந்தது. தடைக்குப் பிறகு மான்செஸ்டர் யுனைடெட் போய் இரண்டு லீக் பட்டங்களும் ஒரு எஃப்.ஏ. கோப்பையும் வென்றார்.

அவருடைய உண்மையான பங்களிப்பு இதற்கெல்லாம் வெளியே இருக்கிறது. எவ்வளவு பெரிய வீரரானாலும் வாரச் சம்பளம் 4 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய சட்டம். பத்தாயிரக்கணக்கில் கூட்டம் டிக்கெட் வாங்கி வரும், பணம் முழுக்க கிளப்புக்குப் போகும். கிளப் மனம் வைக்காமல் வேறு அணிக்கு மாறவும் வழியில்லை. 1907 டிசம்பரில் மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் கூடி வீரர்கள் சங்கம் அமைத்தபோது, மெரிடித் முன்வரிசையில் நின்றார். சுரங்கத் தொழிலாளர் சங்கங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது புதிதல்ல. 1909இல் சங்கத்தைவிட்டு விலகாதவர்களை ஆட விடமாட்டோம் என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் மிரட்டியது. பல கிளப்களின் வீரர்கள் பின்வாங்கினார்கள், யுனைடெட் வீரர்கள் அசையவில்லை. ‘அவுட்காஸ்ட்ஸ் எஃப்.சி.’, அதாவது ஒதுக்கப்பட்டவர்கள் அணி என்று பலகையில் எழுதி வைத்துப் படம்கூட எடுத்துக்கொண்டார்கள். வீரர்கள் சங்கம் பிழைத்தது. ஆனால் சம்பள உச்சவரம்பு ஒழிய 1961 வரை ஆனது. அதைப் பார்க்க மெரிடித் இல்லை, 1958இலேயே காலமாகிவிட்டார். இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்ந்த தொழில்முறை வீரர்களின் இன்றைய சங்கத்துக்கு வேர் அங்கேதான். 45 வயதில் வேல்ஸுக்காக ஆடி இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே வென்றார், 49 வயதில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆடினார் என்ற சாதனைகளை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஹோட்டல் கூட்டத்தையும் எழுதுங்கள்.

சரி, கிளப் பக்கம் ஒரு எச்சரிக்கை. 1927இல் கார்டிஃப் சிட்டி ஆர்சனலை 1-0 என வென்று எஃப்.ஏ. கோப்பையை வேல்ஸுக்குக் கொண்டுபோனது. அந்தக் கோப்பை இங்கிலாந்தைவிட்டு வெளியேறியது அந்த ஒருமுறைதான். உடனே, 11 வேல்ஸ் வீரர்கள் சாதித்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அணியில் வேல்ஸ்காரர்கள் மூவர்தான், முதலாம் உலகப்போரில் காலில் காயம்பட்டுத் திரும்பிய கேப்டன் ஃப்ரெட் கீனர் உட்பட. கோல் அடித்த ஹியூகி ஃபெர்குசன் ஸ்காட்லாந்துக்காரர். அந்தப் பந்தைக் கையிலிருந்து நழுவவிட்ட ஆர்சனல் கீப்பர் டான் லூயிஸ்தான் ரோண்டா பள்ளத்தாக்கில் பிறந்த வேல்ஸ்காரர்!

இப்போது 1958. வேல்ஸ் அதிர்ஷ்டத்தால்தான் உலகக் கோப்பைக்குப் போனது என்ற வரியைப் பாதி உண்மை என்று சொல்லலாம். தங்கள் பிரிவில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்து வெளியேறிவிட்டார்கள். அப்புறம் நடந்ததுதான் கதை. இஸ்ரேலோடு ஆட அதன் பிரிவில் இருந்த நாடுகள் மறுத்தன. ஓர் ஆட்டமும் ஆடாமல் தகுதி பெறக் கூடாது என்று ஃபிஃபா முடிவெடுத்து, இரண்டாம் இடம் வந்த அணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில் வேல்ஸுக்கு வாய்ப்பு வந்தது. அங்கும் இங்கும் 2-0 என்று இரண்டு ஆட்டத்தையும் வென்றார்கள்.

கார்டிஃபில் இரண்டாவது ஆட்டம் நடந்தது 1958 பிப்ரவரி 5. வேல்ஸ் மேலாளர் ஜிம்மி மர்ஃபி, மான்செஸ்டர் யுனைடெட்டில் மாட் பஸ்பிக்கு உதவியாளரும்கூட. இந்த ஆட்டத்துக்காகத்தான் யுனைடெட்டோடு பெல்கிரேடு போகாமல் தங்கினார். மறுநாள் அந்த அணி திரும்பி வந்த விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளானது. பஸ்பி மருத்துவமனையில் கிடக்க, மிச்சமிருந்தவர்களைத் திரட்டி யுனைடெட்டை எஃப்.ஏ. கோப்பை இறுதி வரை கொண்டுபோனவர் மர்ஃபி. அதன்பின் உலகக் கோப்பை நடந்த ஸ்வீடனுக்கு வேல்ஸோடு புறப்பட்டார். யுனைடெட் வரலாற்றில் பஸ்பி பெயர் வரும் இடத்தில் பாதியாவது இவர் பெயரும் வர வேண்டும்.

அங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலை இருக்கவில்லை. ஹங்கேரி, மெக்சிகோ, ஸ்வீடன் மூவரிடமும் தோற்காமல் சமன் செய்தார்கள். முந்தைய உலகக் கோப்பையில் இறுதிவரை வந்த ஹங்கேரியை மறு ஆட்டத்தில் 2-1 என வென்றார்கள். அதே தொடரில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதல் சுற்றோடு மூட்டை கட்டின. இரண்டே நாள் கழித்து காலிறுதியில் பிரேசில். ஹங்கேரி வீரர்களின் முரட்டு ஆட்டத்தில் அடிபட்ட வேல்ஸ் நட்சத்திரம் ஜான் சார்லஸால் களமிறங்க முடியவில்லை. 17 வயது பெலேவின் முதல் உலகக் கோப்பை கோலில் வேல்ஸ் 1-0 எனத் தோற்றது. பிரேசில் அரையிறுதியிலும் இறுதியிலும் ஐந்தைந்து கோல் அடித்ததை நினைத்துப் பாருங்கள், கீப்பர் ஜாக் கெல்சியும் தடுப்பாளர்களும் எப்படி ஆடியிருக்கிறார்கள் என்று புரியும். சார்லஸ் இருந்திருந்தால் ஜெயித்திருக்கும் என்று சத்தியம் செய்வதையும் தவிருங்கள். அந்தப் பேச்சில் கெல்சியின் ஆட்டம் காணாமல் போய்விடுகிறது.

சார்லஸ் பிறந்தது ஸ்வான்சியில். அவரை வெறும் ஸ்ட்ரைக்கர் என்று எழுதுவது குறை. கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்டு, கோலைத் தடுக்கும் சென்டர் ஹாஃப் இரண்டிலும் அவர் உலகத் தரம். லீட்ஸ் அணிக்காக ஒரே சீசனில் 42 லீக் கோல் அடித்தவரை 1957இல் ஜுவென்டஸ் 65,000 பவுண்டுக்கு வாங்கியது. முதல் சீசனிலேயே 28 கோலோடு இத்தாலி லீக்கின் முதலிடம், மொத்தம் மூன்று லீக் பட்டங்கள். தன் ஆட்ட வாழ்க்கையில் ஒருமுறைகூட நடுவரின் நடவடிக்கைக்கு ஆளாகாதவர். ‘நல்ல ராட்சதன்’ என்று இத்தாலியர்கள் கொண்டாடினார்கள்.

இத்தாலி என்றதும், அங்கே ஆடித் திரும்பிய இயான் ரஷ் வாயில் ஒரு மேற்கோளைத் திணிப்பார்கள், ‘வெளிநாட்டில் இருப்பதுபோல இருந்தது’ என்று. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ரஷ் மறுத்திருக்கிறார். லிவர்பூலுக்காக 346 கோல் அடித்தவரை ஒரு பொய் மேற்கோளால் நினைவுகூர வேண்டாம்.

2016 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) அரையிறுதி வரை போன அணியை ‘பேலின் அணி’ என்று சுருக்குவதும் தவறே. பேல் முதல் சுற்றின் மூன்று ஆட்டத்திலும் கோல் அடித்தார், மறுக்கவில்லை. ஆனால் பெல்ஜியத்தை 3-1 என வென்ற காலிறுதியில் கோல் அடித்தவர்கள் ஆஷ்லி வில்லியம்ஸ், ஹால் ராப்சன்-கானு, சாம் வோக்ஸ். அன்றைக்கு ராப்சன்-கானுவுக்குக் கிளப்பே இல்லை, ஒப்பந்தம் முடிந்திருந்தது. ராம்சி கொடுத்த பந்தைக் கோலுக்கு முதுகைக் காட்டி வாங்கி, ஒரே திருப்பில் மூன்று பெல்ஜியம் வீரர்களை வேறு திசையில் ஓடவிட்டு வலைக்குள் தள்ளினார். தொடரின் சிறந்த 11 பேரில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ சேர்த்த வேல்ஸ்காரர்கள் ஆரன் ராம்சியும் ஜோ ஆலனும், பேல் அதில் இல்லை. ரஷ்யாவுக்கு எதிராகக் கோல் அடித்த நீல் டெய்லரின் தாய் கொல்கத்தாவைச் சேர்ந்தவர் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

கடைசியாக, ‘வேல்ஸுக்காக அதிக கோல் அடித்தவர் பேல், 41’ என்று எழுதும்போது ‘ஆண்கள் அணியில்’ என்று சேருங்கள். கார்டிஃபில் பிறந்த ஜெஸ் ஃபிஷ்லாக் அதைத் தாண்டிவிட்டார். வேல்ஸுக்காக 100 ஆட்டங்களைத் தொட்ட முதல் நபரும் அவர்தான், ஆண்களில் யாரும் தொடுவதற்கு முன்பே, 2017இல். பெண்கள் ஆட மைதானம் தரக் கூடாது என்று இதே வேல்ஸ் சங்கம் போட்ட தடை 1970 வரை நீடித்தது. அதனால்தான் பெண்கள் பிரிவில் பழைய சாதனைகளே குறைவு. 2025 யூரோவுக்கு வேல்ஸ் பெண்கள் முதன்முறையாகத் தகுதி பெற்றபோது, பெரிய தொடர் ஒன்றில் அவர்களின் முதல் கோலை பிரான்ஸுக்கு எதிராக அடித்ததும் 38 வயது ஃபிஷ்லாக்தான்.