கல்வெட்டில் சாக்பீஸ் தேய்க்காதீர்கள்: பழனி மலைப்பக்கம் சுற்றிப் பார்க்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழனிக்கு மரபு நடை (பழைய கோயில், கல்வெட்டு, தொல்லிடங்களைச் சுற்றிப் பார்ப்பது) என்று கூட்டம் சேர்ந்து வருபவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். முன்பெல்லாம் முருகனைக் கும்பிட்டு, பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுவார்கள். இன்றைக்கு சமணச் சிற்பங்கள் உள்ள ஐவர்மலைக்கு எப்படிப் போவது, தாண்டிக்குடியில் கல்திட்டை என்னும் பழைய ஈமச்சின்னம் எங்கே இருக்கிறது என்று இளைஞர்கள் விசாரித்துக்கொண்டு வருவதைப் பார்க்க மனசு நிறைகிறது. ஆனால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது, இந்த வேலையில் இறங்கிய நாங்கள் எல்லோரும் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், குரங்கு இருக்கும் இடத்தில் தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள் என்பதை எல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பழனியையும் கொடைக்கானலையும் ஒரே நாளில் முடிப்பது

வரைபடத்தில் பார்த்தால் 64 கிலோமீட்டர்தான். காலையில் தரிசனம், மதியம் ஏரியில் படகு என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்த 64 கிலோமீட்டரில் பெரும்பகுதி மலைச்சாலை. சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை என்று கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி முடிக்க இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகிவிடும். மூடுபனி இறங்கினால் இன்னும் கூடும். நடுவில் ஒரு குழந்தைக்கு வாந்தி வந்தால் அதற்கு ஒரு அரை மணி நேரம். கடைசியில் இரண்டு ஊரையும் வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பழனிக்கும் அடிவாரத்துக்கும் ஒரு முழு நாள், மலைக்கு இன்னொரு நாள் ஒதுக்க முடியாது என்றால் இரண்டில் ஒன்றை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அதைச் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு எடுக்கப் பார்க்காமல் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

மலைக்கோயிலோடு பழனி முடிந்தது என்று நினைப்பது

மூன்றாம் படைவீடு என்று நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் பாடியது ஆவினன்குடியை. அந்தக் கோயில் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. முதலில் திருஆவினன்குடி, பிறகு மலை என்பதுதான் ஊர் வழக்கம். வெளியூரிலிருந்து வருபவர்களில் பாதிப் பேர் அதன் வாசலைத் தாண்டிப் போய் மலை ஏறி இறங்கி அப்படியே ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஊருக்குள் பெரியநாயகி அம்மன் கோயில், சண்முகநதிக் கரையில் பெரியாவுடையார் கோயில், எதிரே இடும்பன் மலை என்று நிதானமாகப் பார்க்க இவ்வளவு இருக்கிறது. தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் மட்டும் இந்தத் திட்டத்தை எல்லாம் விட்டுவிடுங்கள். பாதயாத்திரை வந்தவர்களுக்கு அந்த நாட்களில் வழி விடுவதே முறை.

ரோப் காரை நம்பி நேரம் குறிப்பது

பலத்த காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள். பராமரிப்புக்கென்றும் நிறுத்துவார்கள். விசாரித்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் வின்ச், படி, யானைப்பாதை.

செல்போனோடு மலை ஏறுவது

2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் செல்போனும் கேமராவும் கிடையாது. கீழேயே கொடுத்துவிடுங்கள்.

கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்ப்பது

எனக்கு இன்னமும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். மற்றதெல்லாம் உங்கள் நேரத்தோடு போகும். இதில் போவது ஊர்ச் சொத்து.

எப்படி நடக்கிறது என்றால், கல்வெட்டு வகுப்புக்கு நாலு நாள் போய் எழுத்துப் பழகியிருப்பார்கள். ஆர்வத்தோடு ஒரு பழைய சிவன் கோயிலுக்கு வருவார்கள். உச்சி வெயிலில் கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தைப் பார்த்தால் ஒரு எழுத்தும் தெரியாது. பாசி, சுண்ணாம்பு, எண்ணெய்ப் பிசுக்கு. உடனே பையிலிருந்து சாக்பீஸ் வரும். சிலர் மைதா மாவு கொண்டுவருவார்கள், சிலர் கோயில் திருநீற்றையே எடுத்துப் பூசுவார்கள். எழுத்தின் பள்ளத்தில் சாக்பீஸால் கோடு இழுத்தால் வரி பளிச்சென்று எழுந்து நிற்கும். ஒரு படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் படத்தில் இருப்பது கல்வெட்டு இல்லை, சாக்பீஸ் பிடித்தவர் கல்வெட்டில் இருப்பதாக நினைத்தது. பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. ஒகரமா ஓகாரமா என்பதை வாசிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தமிழின் பழைய எழுத்துமுறையான வட்டெழுத்தில் பகரமும் வகரமும் தேய்ந்துவிட்டால் ஒன்றுபோலவே இருக்கும். சாக்பீஸ்காரர் அந்த முடிவை எல்லாம் கல்லின் மேலேயே எடுத்துவிடுகிறார். அடுத்து வருபவர் கல்லைப் படிப்பதில்லை, அவருடைய முடிவைத்தான் படிக்கிறார்.

மலையடிவாரத்தில் ஒரு சிறு கோயிலில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். எங்களுக்கு முன்பு வந்த ஒரு குழு அதிட்டானத்தின் நடுப்பட்டையான குமுதத்தில் ஒரு வரி முழுக்கச் சாக்பீஸ் இழுத்துவிட்டுப் போயிருந்தது. எங்களோடு வந்த ஒரு பெண், புதிதாகக் கற்றுக்கொள்பவர், உட்கார்ந்து தடுமாற்றம் இல்லாமல் படித்தார்: ‘யாண்டு ௰௪’. ௰ என்றால் பத்து, ௪ என்றால் நான்கு, அதாவது பதினான்காம் ஆட்சியாண்டு. எனக்கு அந்த ௪ மேல் சந்தேகம். க, ச இரண்டும் அந்தக் காலத்து எழுத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதையே எண்ணாக எழுதும்போது ௧, ௪. பொழுது சாயும் வரை காத்திருந்து, டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் படுக்க வைத்து இடப்பக்கத்திலிருந்து அடித்தோம். உளி வெட்டின பள்ளத்துக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும், நிழல் ஒரே அகலத்தில் விழும். அந்த எழுத்தின் கீழ் வளைவில் அப்படி நிழல் விழவில்லை. நகக்கண் அளவு கல் சில்லு பெயர்ந்த இடம் அது, விளிம்பு மழுங்கி ஆழமில்லாமல் கிடந்தது. சாக்பீஸ் அதையும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிட்டிருந்தது. ௰௪ இல்லை, ௰௧, அதாவது பதினொன்று. ஆனால் அந்தப் பதினான்கு அதற்குள் படமாகப் பல கைகளுக்குப் போய்விட்டது. அதை இனி யார் திருப்பி வாங்குவது?

மூன்று வருடம்தானே, அதில் என்ன என்று கேட்பார்கள். பழனியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில், பாப்பம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஐவர்மலைக்கு அவர்களை அழைத்துப்போவேன். அங்கே பாறை நெற்றியில் சமண சமயத்தின் தீர்த்தங்கரர் உருவங்கள் 16 வரிசையாகச் செதுக்கியிருக்கின்றன. அங்குள்ள ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு, குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவ படாரர் (பார்சுவநாதர் என்னும் தீர்த்தங்கரர்) உருவத்தையும் இயக்கியர் என்னும் காவல் பெண்தெய்வங்களின் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் சோற்றுக்குமாக 505 காணம் பொன் வைத்ததைச் சொல்கிறது. அது மட்டும் என்றால் ஒரு சமணக் கொடை, அவ்வளவுதான். அதில் சக ஆண்டு 792 என்றும், அது வரகுணனுக்கு எட்டாம் ஆண்டு என்றும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. வரும், சகம் 792 என்றால் கி.பி. 870. எட்டாம் ஆண்டு 870 என்றால் இரண்டாம் வரகுண பாண்டியன் பட்டத்துக்கு வந்தது 862. பிற்காலத்தில் பாண்டியர் வரலாற்றை எழுதியவர்கள் ஊன்றி நின்ற இடங்களில் இதுவும் ஒன்று. அந்த ‘எட்டு’ இருக்கும் இடத்தில் யாராவது ஆர்வக்கோளாறில் கை வைத்து வேறு சொல்லை வரைந்திருந்தால் ஒரு அரசனின் காலமே நகர்ந்திருக்கும். நல்ல வேளையாக அதை 1905-லேயே படியெடுத்துவிட்டார்கள். எல்லாக் கல்லுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

கல்லுக்கு வரும் கேடு தனி. சாக்பீஸ் தூள் நுண்துளைகளில் இறங்கி மழையில் இறுகிப்போகும். மாவு எறும்பையும் பூஞ்சையையும் கூட்டிவரும். மாவைக் கழுவ வேண்டும் என்று அடுத்தவர் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பார், அதோடு எழுத்தின் விளிம்பு போய்விடும். ஆயிரம் வருட மழைக்குத் தாங்கின எழுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம் என்றால் சேதப்படுத்துவதற்கு 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

சரி, படிக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? வெளிச்சத்தை மாற்றுங்கள். சூரியன் தாழ்ந்திருக்கும் காலை, மாலை நேரத்தில் போங்கள். நிழலான சுவர் என்றால் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெயில் நேராக விழுந்தால் ஒருவர் கறுப்புக் குடையால் மறைக்க, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கத்திலிருந்து ஒளியைத் திருப்பிவிடலாம். ஒரே எழுத்தை இடமிருந்து ஒளி, வலமிருந்து ஒளி, மேலிருந்து ஒளி என்று மூன்று படம் எடுங்கள். முதலில் சுவர் முழுவதும் ஒரு படம், பிறகு ஒன்றின் ஓரம் அடுத்ததில் வரும்படி நெருக்கத்தில். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். தென்புறச் சுவரா வடபுறமா, அதிட்டானத்தின் அடிப்பட்டையான ஜகதியா குமுதமா என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். தூசியைத் தட்டக் காய்ந்த மென்மையான பிரஷ் போதும், பாசியைச் சுரண்ட வேண்டாம். தாள் ஒட்டி மை ஒற்றிப் படியெடுப்பது பயிற்சி பெற்றவர்கள் அனுமதியோடு செய்யும் வேலை. தெரியாத எழுத்தைத் தெரியவில்லை என்றே குறித்துக்கொண்டு வாருங்கள், அந்த இடத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டால் போதும்.

கதையைக் கேட்டுச் சிரிப்பது, அல்லது அதையே வரலாறு என்று எழுதுவது

ஐவர்மலையில் பஞ்சபாண்டவர் தங்கினார்கள் என்று ஊரார் சொல்வார்கள். பழனியிலும், கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையிலும் போகர் என்ற சித்தர் நவபாஷாணத்தில் சிலை செய்தார் என்பார்கள். பூம்பாறை குழந்தை வேலப்பர் அருணகிரிநாதரைக் காத்த கதையைக் கோயிலிலேயே கேட்கலாம். முழுக்கக் கேளுங்கள். சொல்பவர் முன்னால் ‘கல்வெட்டில் அப்படி இல்லையே’ என்று மடக்காதீர்கள். ஊருக்குத் திரும்பி எழுதும்போது மட்டும் ஊர் சொல்வது இது, கல் சொல்வது இது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

பொருந்தலில் பானை ஓடு பொறுக்குவது

பழனிக்குத் தென்மேற்கே இருக்கும் பொருந்தலில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009-10 வாக்கில் அகழாய்வு நடந்தது. ஈமச்சின்னத்தில் ஒரு சாடி நிறைய நெல் கிடைத்தது. அதற்கு வந்த காலக்கணிப்பு கி.மு. 490. ‘வயிர’ என்று தமிழியில் (பழந்தமிழ் பிராமி எழுத்து) பொறித்த பிரிமணையும் (பானையைத் தாங்கும் வளையம்) கிடைத்தது. இதைப் படித்துவிட்டுக் கீழடி அருங்காட்சியகம் மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்து வருபவர்கள் வயலையும் மேட்டையும் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். வெறுங்கையோடு போவானேன் என்று கண்ணில் பட்ட கறுப்பு சிவப்பு ஓட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டு அலமாரிக்குப் போன ஓடு வெறும் ஓடு. எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் விலை. கண்ணில் பட்டால் கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

கல்திட்டை மேல் ஏறி நின்று படம் எடுப்பது

தாண்டிக்குடி, பேத்துப்பாறை பக்கத்துப் பாறை மேடுகளில் இருக்கும் கல்திட்டைகள் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருந்த ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் மலை மலையாக அலைந்து இவற்றைப் பதிவு செய்தார்கள். அவர்களுடைய அறிக்கையை 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. மூன்று பக்கமும் பலகைக் கல்லை நட்டு, மேலே ஒரு மூடுகல்லை வைத்திருப்பார்கள். சாந்து கிடையாது. எடைதான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்கக் கல் ஒன்று அரை அங்குலம் சாய்ந்திருந்தாலும் நாலு பேர் மேலே ஏறி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புதையல் இருக்கிறது என்று தோண்டிப் போட்டவர்கள் ஏற்கெனவே நிறைய சாய்த்துவிட்டார்கள். குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்ற பேச்சு வேறு, உள்ளே நுழைந்து படுத்துப் பார்க்கச் சொல்கிறது. வேண்டாம்.

சுற்றுவட்டாரத்தில் பல திட்டைகள் காப்பித் தோட்டங்களுக்குள் இருக்கின்றன. வேலி தாண்டிப் போகாதீர்கள். தோட்டத்தில் யாராவது கண்ணில் படும்வரை நின்று, எதற்கு வந்தோம் என்று சொல்லிக் கேளுங்கள். போகாதே என்று சொன்னவர்களைவிட, வேலையை விட்டுவிட்டுத் தாங்களே கூட வந்து காட்டியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.