சுயவிவரக் குறிப்பில் எடைமேடைக் கணக்கு

மலேசியாவின் தெலுக் இந்தானுக்கு அருகில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் எடைமேடைக் கிராணியாக (எழுத்தராக) இருந்த எனக்கு, கிள்ளானில் வேலை தேடியபோது நேர்முகத் தேர்வுக்கு அழைப்பே வரவில்லை. என் சுயவிவரக் குறிப்பில் இருந்த "லாரிகளை எடைபோடுதல், பதிவேடு பராமரித்தல்" என்ற வரி எந்த ஆலையின் கிராணிக்கும் பொருந்தும்.

ஆகவே அதை, முன்பிருந்த நிலை, நான் செய்தது, அதன் விளைவு என்ற வரிசையில் திருத்தினேன். அறுத்த குலைகள் தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும் என்பதால், லாரிகள் வாசலில் காத்து நிற்பது ஆலைக்கு நேரடி நட்டம். தோட்டத்துறைக்கு வெளியே உள்ளவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. "குலைகள் கெடாதிருக்க, லாரிகளின் வருகையைத் தோட்டவாரியாக நேரம் பிரித்து ஒழுங்குபடுத்தியதில், சராசரிக் காத்திருப்பு 90 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாகக் குறைந்தது" என்று எழுதினேன். காவலரின் பதிவேட்டில் உள்ள வருகை நேரத்தையும் எடைச்சீட்டில் அச்சான நேரத்தையும் ஒப்பிட்டே இந்த எண்களை எடுத்தேன். கேட்டால் விளக்க முடியாத எண்ணை எழுதவே கூடாது. 2020 முதல் கட்டாயமாக்கப்பட்ட எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்) சான்றிதழுக்கான தணிக்கையில் ஆவணங்களைத் தொகுத்துக் கொடுத்தது மட்டுமே என் பங்கு என்பதால், அதைத் தலைமைப் பொறுப்பாகப் பெருக்கவில்லை. எஸ்பிஎம் (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) தேர்ச்சி விவரங்களை ஒரே வரியாக்கினேன்.

பிறகு ஒரு சரக்குக் கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது. மேலாளர் கேட்ட முதல் கேள்வியே, லாரி ஓட்டுநர்களை அந்த நேர ஒழுங்குக்கு எப்படி இணங்க வைத்தீர்கள் என்பதுதான்.