ஐ.சி.யூ.வில் டயாலிசிஸ் நடக்கும்போது மூளையை மறந்துவிடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து செப்சிஸ் (கிருமித் தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) முற்றி மதுரைக்குக் கொண்டுபோகப்படும் நோயாளியின் வீட்டார், ஐ.சி.யூ. வாசலில் முதலில் கேட்பது, "சிறுநீர் இறங்கியதா?" என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். மூளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ரத்த அழுத்தம் இறங்கினால் மூளையின் சிறு தமனிகள் விரியும், ஏறினால் சுருங்கும். நலமான உடலில் மூளைக்குப் போகும் ரத்தம் இப்படித்தான் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. செப்சிஸ் பலருக்கு இந்தத் திறனைக் குலைத்துவிடுகிறது. பிறகு அழுத்தம் சரிந்தால் மூளைக்கான ரத்தமும் கூடவே சரியும். அந்த நிலையில், பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் இயந்திரம் நீரை வேகமாக இழுத்தால் அழுத்தம் மேலும் விழும். ரத்தத்திலுள்ள யூரியா என்ற கழிவு மளமளவென்று குறைந்தால் மூளைத் திசுவுக்குள் நீர் புகுந்து வீங்கவும் கூடும்.

மருத்துவர்கள் பல மணி நேரம், சில சமயம் இரவு பகலாக, மெதுவாக டயாலிசிஸ் செய்வது இதனால்தான். "அடுத்த கட்டிலில் நாலு மணி நேரத்தில் முடித்தார்களே, பில்லை ஏற்றவா இழுக்கிறீர்கள்?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். உயிருக்குப் போராடுகிறவருக்கு அந்த நிதானம் தேவை.

மானிட்டரில் மேல் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும் தவறு. 96/50 என்றால் சராசரி அழுத்தம் (மேல் எண்ணோடு கீழ் எண்ணை இரண்டு முறை கூட்டி மூன்றால் வகுத்தால் வருவது) சுமார் 65. செப்சிஸ் சிகிச்சையில் பொதுவாக முதல் இலக்கு அதுதான். மேலே அதே 96 இருக்க, கீழ் எண் 40 ஆனால் சராசரி 59க்கு இறங்கிவிடும். மானிட்டரில் அடைப்புக்குறிக்குள் தெரியும் அந்தச் சராசரி எண்ணைப் பாருங்கள்.

மகளின் பெயரை மாற்றி அழைக்கும் ஆச்சியைப் பார்த்து, "வயதாகிவிட்டது, தூக்கமில்லை" என்று விட்டுவிடுகிறோம். கூடாது. பிதற்றல் மட்டுமல்ல, கூப்பிட்டால் கண் திறக்காமல் சும்மா கிடப்பதும் மூளை தடுமாறுவதன் அடையாளமாக இருக்கலாம். டயாலிசிஸுக்கு முன்பா, நடுவிலா, பிறகா என்று நேரத்தோடு நர்ஸிடம் சொல்லுங்கள்.

பழைய ரத்தக்கொதிப்பை மறைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வழக்கமாக மேல் எண் 160 இருந்தவரின் மூளைக்கு, மற்றவருக்குப் போதுமான அழுத்தம் போதாமல் போகலாம். பிரான்சில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், நெடுநாள் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குச் சராசரி அழுத்தத்தை 80–85இல் வைத்தபோது டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் குறைந்தார்கள். உயிரிழப்பில் மட்டும் வித்தியாசம் இல்லை. இலக்கை மருத்துவர் முடிவு செய்வார். ஊரிலிருந்து கிளம்பும்போதே பழைய மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.