மனநல மருந்து: டாக்டரிடம் சொல்லாமல் விடும் பாதி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் அரசாங்க கிளினிக்கின் மருந்து முகப்பில் வேலை செய்கிறேன். வீட்டில் ஒருவருக்கு முதன்முறையாக மனநல மருந்து எழுதிக் கொடுத்திருப்பார்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குடும்பமே வந்து நிற்கும். எங்கள் சித்தப்பாவுக்கு மருந்து தொடங்கிய காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த அதே குளறுபடிகள் அவர்கள் வீட்டிலும் வரிசையாக நடப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. ‘நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்’ என்பதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அது போக மற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

பாதியைச் சாப்பிட்டுவிட்டு முழுதாகச் சொல்வது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சலாக வரும்.

செம்பனை ஆலையில் வேலை செய்யும் ஒரு பையன். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதுபோல் காதில் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். ரிஸ்பெரிடோன் 2 மில்லிகிராமில் தொடங்கினார்கள். சாப்பிட்டால் தூக்கக் கலக்கம். ஆலை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கப் பயம். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைச் சவர பிளேடால் பாதியாக நறுக்க ஆரம்பித்தான். கிளினிக்கில் கேட்டால், ‘சாப்பிடுறேன் டாக்டர்.’ குரல் அடங்கவில்லை. அடங்காததால் 2 என்பது 4 ஆனது, அப்புறம் 6. எவ்வளவு ஏற்றினாலும் அவன் விழுங்கியது அதில் பாதிதான்.

மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்த அம்மா திரும்பி வந்தார். வந்ததும் எதிரில் நின்று முழு மருந்தையும் விழுங்க வைத்தார். ஒரே நாளில் உடம்புக்குள் போனது இரண்டு மடங்கு. சில நாளில் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கடைவாயில் எச்சில் வடிந்தது, உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாமல் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவன் கட்டிலுக்கு அடியில் கிடந்த மைலோ டின்னைக் கொண்டுவந்து முகப்பில் கவிழ்த்தார் அந்த அம்மா. ஓரமெல்லாம் பொடிந்துபோன அரை மாத்திரைகள். ‘மிஸ்ஸி, இந்த மருந்துதான் எம்புள்ளய இப்படி ஆக்கிடுச்சு.’

கழுத்து இழுப்பும் விறைப்பும் தெரிந்த பக்க விளைவுகள்தான், அதற்கு மருந்து இருக்கிறது, அவனுக்கும் சரியானது. ஆனால் ‘மருந்து விஷம்’ என்ற எண்ணம் அந்த வீட்டில் வேரூன்றிவிட்டது. மருந்தை அடியோடு விட்டான், நோய் முற்றியது, வேலையும் போயிற்று.

இரத்த அழுத்தத்துக்கு இயந்திரம் இருக்கிறது, சர்க்கரைக்குச் சோதனை இருக்கிறது. காதில் கேட்கும் குரலை அளக்க எந்தக் கருவியும் கிடையாது. நீங்கள் சொல்வதை வைத்துத்தான் டாக்டர் அளவை முடிவு செய்கிறார். இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் கொடுத்தும் கேட்கவில்லை என்றால் அடுத்தது குளோசபின். நல்ல மருந்துதான். ஆனால் அது வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் முதல் 18 வாரங்களுக்கு வாராவாரம் இரத்தம் எடுக்க வேண்டும். உள்ளே போகாத மருந்தை ‘கேட்காத மருந்து’ என்று எழுதி, ஒருவரை அந்த வழியில் அனுப்புவது எவ்வளவு பெரிய அநியாயம்!

‘தூக்கமா வருது டாக்டர்’ என்று அந்தப் பையன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மருந்தை இரவுக்கு மாற்றியிருப்பார்கள், இல்லாவிட்டால் வேறு மருந்து பார்த்திருப்பார்கள். தினமும் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசிகூட உண்டு.

பொய் வருவது பயத்தால்தான். நம் பக்கத்தில் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்பது ஒரு வசைச்சொல். அங்கே 1911இல் திறந்த மனநல மருத்துவமனைதான் இன்றைய ஹாஸ்பிடல் பஹாகியா. மருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தால் அங்கே அனுப்பிவிடுவார்கள் என்று வீட்டில் மிரட்டியே வைத்திருக்கிறார்கள். மாத்திரை விட்டுப்போனதற்காக யாரையும் அங்கே கொண்டுபோய் அடைப்பதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ‘ஒழுங்கா சாப்பிட்டியா?’ என்று கேட்டால் ‘ம்’ என்றுதான் பதில் வரும். ‘இந்த வாரம் எத்தனை விட்டுப்போச்சு?’ என்று கேளுங்கள், உண்மை வரும். அந்த எண்ணிக்கையை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதல் வாரத்திலேயே தீர்ப்பு

செர்ட்ரலின், எஸ்சிடாலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளில் தொல்லை முன்னால் வரும், பலன் பின்னால் வரும். குமட்டலும் படபடப்பும் முதல் சில நாட்களிலேயே தெரியும். மனம் லேசாவதற்கு 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலனுக்கு அதற்கு மேலும் ஆகலாம். குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் தொடங்கிய புதிதில் நிலைகொள்ளாத தவிப்போ சாக வேண்டும் என்ற எண்ணமோ வந்தால் காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பக்கத்து வீட்டு மாத்திரை

வேண்டாம்.

லித்தியம் சாப்பிட்டுக்கொண்டு காவடி எடுப்பது

மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்க்குக் கொடுப்பது லித்தியம். அதில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். தைப்பூசத்துக்கு உப்பில்லா விரதம் இருந்து, வெயிலில் வியர்க்க நடந்து, கால்வலிக்குப் பொன்ஸ்தான் என்ற வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டால் மூன்றும் சேர்ந்து அளவை ஏற்றிவிடும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக்கும் அப்படித்தான். வலிக்குப் பாராசிட்டமோல் போதும். வேண்டுதலை விடச் சொல்லவில்லை. விரதம் தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். கை வெடவெடவென நடுங்கினாலோ, வாந்தி வந்தாலோ, பேச்சு குழறி நடை தள்ளாடினாலோ அடுத்த வேளை மருந்தைப் போடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சம்சு

இந்த மலிவுச் சாராயம் தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

சிகரெட்டைச் சட்டென்று விடுவது

விடுவது நல்லதுதான். ஆனால் புகையிலைப் புகை குளோசபினையும் ஒலான்சபினையும் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அதே அளவு மாத்திரை இரத்தத்தில் கூடிவிடும். விடப்போகும் தேதியை டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால் அளவைக் குறைத்துக் கொடுப்பார்.

கல்யாணத்துக்காக மருந்தை மறைப்பது

பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் மருந்தைப் பெட்டிக்குள் ஒளித்துவைக்கும் அம்மாக்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் எதை, எப்போது சொல்வது என்பதை அந்தப் பெண்ணும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். டாக்டரிடம் மட்டும் கல்யாணப் பேச்சு எடுத்தவுடனேயே சொல்லியாக வேண்டும். முக்கியமாக, மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் சோடியம் வால்புரோயேட் அவள் சாப்பிடுகிறாள் என்றால். கருவின் முதல் வாரங்களிலேயே, கர்ப்பம் என்று அவளுக்கே தெரியும் முன்பே, அது குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளையையும் பாதிக்கக்கூடும். அதற்காக நீங்களே சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது, நோய் திரும்பிவிடும். ஒரு மருந்தை மெல்லக் குறைத்து இன்னொன்றைப் பழக்குவதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். ஆகவே பத்திரிகை அடிக்கும் வரை காத்திருக்காமல் அடுத்த சந்திப்பிலேயே கேளுங்கள்.