கொல்லைப்புறத்தில் ஆகஸ்ட் வானம்: முதன்முறை பார்ப்பவர்களுக்கு

இங்கிலாந்துக்கு வந்த முதல் கோடையில், ஜூன் மாதம் ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு நட்சத்திரம் பார்க்கலாம் என்று கொல்லைக் கதவைத் திறந்தேன். வடக்கு வானம் இன்னும் வெளுத்தே கிடந்தது. லண்டன் அளவுக்கு வடக்கே வந்துவிட்டால், மே கடைசியிலிருந்து ஜூலை மூன்றாவது வாரம் வரை முழு இருட்டு என்பதே கிடையாது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே கொஞ்சம் இறங்கி, அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி ஏறிவிடும். ஆகஸ்டில்தான் இரவு திரும்பி வருகிறது. கைகால் விறைக்கும் குளிர் வரவும் இன்னும் நாளிருக்கிறது. இங்கே வானம் பார்க்கப் பழக இதைவிட நல்ல மாதம் இல்லை என்பேன்.

வீட்டுக் கொல்லையிலிருந்து அப்படி என்ன தெரிந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் பாத் நகரத்து அண்ணன் தங்கையைச் சொல்வேன். வில்லியம் ஹெர்ஷலின் தொழில் இசை. தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார், கச்சேரிகள் நடத்தினார். தங்கை கரோலின் அந்தக் கச்சேரிகளில் பாடினார். பகலில் இசை, இரவில் வானம். 1781 மார்ச் 13 அன்று நியூ கிங் தெரு 19ஆம் எண் வீட்டுக் கொல்லையில், தானே செய்த தொலைநோக்கி வழியாக வில்லியம் கண்டதுதான் யுரேனஸ். கரோலின் தன் முதல் வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்ததும் ஒரு கோடை இரவில்தான்: 1786 ஆகஸ்ட் 1. பாத் வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தச் சின்னக் கொல்லையில் போய் நின்று பாருங்கள், நம் வீட்டுக் கொல்லை மேலேயே மதிப்பு வந்துவிடும்.

சரி, ஆரம்பிக்கலாம்.

படி 1: நாள் பார்ப்பது

அமாவாசையை ஒட்டிய ஒரு வாரம் உத்தமம். பௌர்ணமி நிலா ஏறிவிட்டால் மங்கலான நட்சத்திரமெல்லாம் காணாமல் போகும். ஆகஸ்ட் நடுவில் எட்டரை மணி வாக்கில் சூரியன் மறைந்தாலும், நல்ல இருட்டு வர பதினொன்று ஆகிவிடும். எரிநட்சத்திரம் பார்க்க ஆசை இருந்தால் ஆகஸ்ட் 12, 13 இரவுகளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இடம் பண்ணுவது

வீட்டு விளக்குகளை அணைத்துத் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டு விளக்கு கண்ணில் குத்துகிறதா? துணி காயப்போடும் கொடியில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டால் போதும். விளக்கு அங்கேயே எரிந்துகொண்டிருக்கும், உங்கள் கண்ணுக்கு வராது. நிற்க வேண்டாம், பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். சாய்வு நாற்காலியில் படுத்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு மேல் புல்லெல்லாம் பனி இறங்கி நனைந்துவிடும், அதனால் காலுறை, கம்பளி, ஒரு பிளாஸ்க் நிறையத் தேநீர்.

படி 3: கண்ணைப் பழக்குவது

புதிதாக வருபவர்கள் அவசரப்பட்டு விட்டுவிடுவது இதைத்தான். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் செல்களில் ஒரு நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதைந்து, இருட்டில் மெல்ல மெல்லத்தான் மறுபடி சேரும். நடுவில் ஒருமுறை போனைத் திறந்தீர்களோ, அந்த அரைமணி நேரமும் வீண். டார்ச் தேவைப்பட்டால் அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். சிவப்பு ஒளி அந்தச் செல்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

வந்தவுடன் பத்து நட்சத்திரம் தெரிந்த இடத்தில், தேநீர் குடித்து முடிப்பதற்குள் நூறு தெரியும். எத்தனை வருடமானாலும் எனக்கு இந்த அரைமணி நேரம் அலுக்கவில்லை.

படி 4: முதல் மூன்று நட்சத்திரம்

தலைக்கு நேர் மேலே பாருங்கள். நீலம் கலந்த வெள்ளையாகப் பளீரென்று ஒன்று இருக்கும், அது வேகா. நம் மரபில் அபிஜித். அதற்குக் கிழக்கே, அதே உயரத்தில், கொஞ்சம் மங்கலாக டெனப். இரண்டுக்கும் கீழே தெற்கில் ஆல்டேர், நம் திருவோணம். மூன்றையும் கோடிழுத்துச் சேர்த்தால் வருவதுதான் கோடை முக்கோணம். திருவோணம் 17 ஒளியாண்டு தூரத்தில், வேகா 25 ஒளியாண்டு தூரத்தில். மங்கலாகத் தெரியும் டெனப்போ ஆயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால் இருந்துகொண்டு இவ்வளவு வெளிச்சம் தருகிறது.

ஊர் வெளிச்சம் குறைவாக இருந்தால் முக்கோணத்தின் ஊடே பால்வெளி புகைபோல ஓடுவது தெரியும். அதை முழுதாகப் பார்க்க, ஐரோப்பாவிலேயே முதல் இருள்வானக் காப்பகமாக 2011இல் அறிவிக்கப்பட்ட, தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸ்மூர் தேசியப் பூங்கா பக்கம் ஒரு வார இறுதி போய்வரலாம்.

படி 5: அருந்ததி பார்த்தல்

இப்போது வடமேற்கே திரும்புங்கள். அகப்பை வடிவில் ஏழு நட்சத்திரம், சப்தரிஷி மண்டலம். அகப்பைக் காம்பின் நடுவில் இருப்பது வசிஷ்டர். உற்றுப் பாருங்கள், அதை ஒட்டிப் பொடியாக இன்னொன்று. அதுதான் அருந்ததி. நேராக முறைத்தால் நழுவும். சற்றுத் தள்ளிப் பார்வையை வைத்தால் சட்டென்று தெரியும். மங்கலான எதற்குமே இந்த ஓரக்கண் வித்தை உதவும்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "கல்யாணத்தன்னிக்கு ஐயர் கைகாட்டின பக்கம் பாத்துத் தலையாட்டினேன். இன்னிக்குத்தான்டா பாக்கறேன்" என்றாள்.

அகப்பையின் முன்விளிம்பில் உள்ள இரண்டு நட்சத்திரங்களைக் கோடாக இணைத்து, அதே திசையில் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம். சென்னையில் அது வடக்கே 13 டிகிரி உயரத்தில், கட்டிடங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். லண்டனில் 51 டிகிரிக்கு மேல். அதனால்தான் இங்கே சப்தரிஷிகள் மறைவதே இல்லை, இரவெல்லாம் அதைச் சுற்றியபடி இருப்பார்கள்.

படி 6: எரிநட்சத்திரம்

ஆகஸ்ட் நடுவில் வருபவை பெர்சீட் எரிகற்கள். 133 ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசு. கடைசியாக அது வந்தது 1992இல். மணல் அளவுத் துணுக்குகள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் மோதி எரிகின்றன. வடகிழக்கில் டபிள்யூ எழுத்துப்போல இருக்கும் காசியோப்பியாவுக்குக் கீழிருந்து கிளம்புவதுபோலத் தோன்றும். ஆனால் அங்கேயே பார்க்காதீர்கள். வானத்தின் பெரிய பரப்பு கண்ணில் படும்படி சும்மா படுத்திருங்கள். நள்ளிரவுக்கு மேல் எண்ணிக்கை கூடும், ஏனென்றால் அப்போது நாம் இருக்கும் பக்கம் பூமி பாயும் திசைக்குத் திரும்புகிறது. ஊருக்குள் மணிக்குப் பத்து கிடைத்தாலே நல்ல இரவுதான்.

படி 7: பைனாகுலர்

தொலைநோக்கி இப்போதைக்கு வேண்டாம். 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர்) ஒன்று போதும். நாற்காலிக் கையில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் ஆடாது. டெனப்பிலிருந்து திருவோணம் வரை மெதுவாக நகர்த்துங்கள், பால்வெளி பொடிப்பொடி நட்சத்திரங்களாகப் பிரியும். பகலில் மட்டும் சூரியன் பக்கம் அதைக் காட்டவே கூடாது, கண் போய்விடும்.

பார்த்ததை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். தொலைநோக்கியில் கண் வைத்தபடி வில்லியம் சொல்லச் சொல்ல, கரோலின் எழுதிவைத்த குறிப்புகள்தான் பின்னால் பட்டியல்களாயின.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தூக்கம் வராவிட்டால் நள்ளிரவுக்கு மேல் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கிழக்கே, கூரைகளுக்கு மேல், ஒரு பிடி வெளிச்சம் கொத்தாக ஏறிக்கொண்டிருக்கும். அது கார்த்திகை. ஆறு பெண்களையும் உங்கள் கொல்லையிலிருந்து எண்ண முடிகிறதா என்று குறித்து வையுங்கள். எனக்குச் சில இரவுகளில் ஐந்துதான்.